சேம்சைடு என்று கூப்பிட்டோம்

அவரை முதன்முதலில் பார்த்தபோது என் வலது கால் முழங்கால்வரை தண்ணீருக்குள் இருந்தது.

பஸ் டெப்போவில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாகச் சேர வந்த முதல் நாள் அது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். யாரும் கேட்காமலே அதைச் சொல்லிவிடும் வியாதி அப்போது எனக்கு இருந்தது. இன்னும் முழுதாகக் குணமாகவில்லை. சான்றிதழ்க் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தேய்த்த சட்டையும் புது பூட்ஸுமாகப் பணிமனைக்குக் குறுக்கே நடந்தேன். கண் ‘அலுவலகம்’ என்ற பலகையில் இருந்தது. கால் டயர் செக்‌ஷனின் சிமென்ட் தொட்டிக்குள் போய்விட்டது.

“தம்பி, அது டியூபுக்கு வெச்ச தண்ணி. காலுக்கு இல்ல.”

சொன்னவர் என் முழங்கையைப் பிடித்து ஒரே இழுப்பில் வெளியே எடுத்தார். பஸ் சக்கரத்தைத் தூக்கிப் பழகிய கை. பிறகு குனிந்து என் பூட்ஸை உற்றுப் பார்த்தார்.

“குமிழி ஒண்ணும் வரல. ஓட்ட இல்ல. நல்ல பூட்ஸுதான்.”

சிரிக்காமல் சொல்லிவிட்டுத் துடைக்கப் பழைய துணி ஒன்றைக் கொடுத்தார். நெற்றியில் குறுக்கும் நெடுக்குமாகத் தையல் தழும்புகள். இடது புருவம் பாதியில் நின்று, கொஞ்சம் இடம் விட்டு, மறுபடி தொடங்கியது. பட்டதாரி என்ற செய்தியைச் சொன்னேன். “அப்படியா? இனி டூட்டி ஷீட்டுல எழுத்துப் பிழை இருக்காது,” என்றார். அன்றைக்கே எனக்கு ‘டிகிரி’ என்று பெயர் வந்துவிட்டது.

ஈரக் காலோடு டைம் ஆபீஸுக்குப் போனேன். மூத்த குமாஸ்தா கேட்டார்: “உன்னைத் தூக்கி விட்டாரே, அவர் யாருன்னு தெரியுமா? நம்ம ஃபுட்பால் டீம் ஸ்டாப்பர். ஆனா ஸ்டாப்பர்னு சொன்னா யாருக்கும் புரியாது. சேம்சைடுன்னு கேளு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எல்லோரும் சிரிக்கும்போது சேர்ந்து சிரிப்பது நல்லது என்று பட்டது. ஆறு வருடங்களுக்கு முந்தைய அந்தச் சிரிப்பை இன்று திரும்ப எடுத்துக்கொள்ள வழியில்லை.

அவர் டெப்போவுக்கு வந்தது பத்தொன்பது வயதில். டயர் கழற்ற ஆள் வேண்டும் என்று எடுக்கவில்லை. டெப்போ அணிக்கு நடுப்பின்னால் நின்று தடுக்க ஆள் வேண்டும் என்று எடுத்தார்கள். டயரை அதன்பிறகுதான் கற்றுக்கொண்டார். இருபத்திரண்டு வருடம் அதே இடத்தில் ஆடினார். பஸ்ஸை நிறுத்த டிரைவர், பந்தை நிறுத்த இவர் என்று டெப்போவில் சொல்வார்கள். கல்யாணம் காலையில் முடிந்தது, மாலையில் அரையிறுதி. மாப்பிள்ளை எங்கே என்று கேட்ட உறவுக்காரர்களுக்கு, மணப்பெண்ணாக இருந்த அண்ணி மைதானத்தைக் கைகாட்டினாராம். “நானும் போய்ப் பாத்தேன். ஒண்ணுக்குப் பூஜ்யம். ஜெயிச்சுட்டு வந்துதான் மாலையோட போட்டோ எடுத்தோம்.”

வேலையிலும் ஆட்டத்திலும் அவரிடம் ஒரே குணம். பஞ்சர் ஆன டியூபில் காற்றடித்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பிடிப்பார். மற்றவர்கள் அவசரமாக உருட்டி உருட்டிப் பார்ப்பார்கள். இவர் அசைய மாட்டார். ஒரு குமிழி, நூல்போல மேலே வரும். அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவார். மைதானத்திலும் எதிரணி ஆள் பந்தோடு பாய்ந்து வரும்போது இவர் பாய மாட்டார். அவன் காலைப் பார்த்தபடி பின்வாங்குவார், பின்வாங்குவார். அவன் பந்தை அரை அடி தள்ளித் தொடும் அந்த நொடியில் பந்து இவரிடம் இருக்கும். அவன் இன்னும் ஓடிக்கொண்டிருப்பான்.

இப்படிப்பட்ட ஆளுக்குத்தான் அந்தப் பெயர்.

பதினோரு வருடங்களுக்கு முன் கோப்பை இறுதியாட்டம். எதிரணி தண்ணீர் வாரியம். கோல் இல்லை, இரண்டு நிமிடம் பாக்கி. அவர்கள் தூக்கியடித்த பந்து நம் பெனால்டி பெட்டிக்குள் இறங்குகிறது. நம்மாள் தன் கோலைப் பார்த்தபடி பின்னால் ஓடி, பந்தைத் தலையால் தொட்டுக் கீப்பரிடம் திருப்பி விடுகிறார். கீப்பர் கோலில் இல்லை. அவர் பந்தைப் பிடிக்க முன்னால் ஓடி வந்திருந்தார். காலியான கோலுக்குள் பந்து மூன்று முறை குதித்துப் போய் வலையைத் தொட்டது. தன் அணிக்கே போட்ட சேம்சைடு கோல். கோப்பை போனது.

நான் அதைப் பார்க்கவில்லை. ஆனால் டெப்போ வாசலில் இருக்கும் சலூனில் நாற்பது தடவை கேட்டிருக்கிறேன். ரசிகர் மன்றத் தலைவரின் சலூன் அது. யாருக்காவது சவரம் செய்யும்போதுகூடத் தலைவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஹெட்டை நடித்துக் காட்டுவார். நாற்காலியில் இருப்பவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ரசிப்பார்.

அதற்குப் பிறகு எங்கள் கேலரிக்கு ஒரு புது விளையாட்டு கிடைத்தது. ஸ்டாப்பர் பந்தைத் தொட்டுத் தன் கோல் பக்கம் கொஞ்சம் திரும்பினாலும் போதும். ஆயிரம் பேர் எழுந்து நின்று எதிர்க் கோலைக் கைகாட்டி, “அந்தப் பக்கம்! அந்தப் பக்கம்!” என்று கத்துவோம். அவரும் கையைத் தூக்கி அசைப்பார். கோபித்துக்கொண்டதே இல்லை. “பாத்தியா, எவ்வளவு ஜாலியா எடுத்துக்கிறாரு” என்போம். கோபப்படாதவனுக்கு வலிக்காது என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தோமோ தெரியவில்லை.

என் பங்கும் இதில் இருக்கிறது. வேலையில் சேர்ந்த ஆறாவது மாதம் மன்றத் துண்டறிக்கைக்கு எழுத ஆள் இல்லை என்றார்கள். எழுதினேன். என் எழுத்து அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. ‘சேம்சைடு சிங்கம்’ என்று தலைப்பு வைத்தேன். சத்தம் அழகாக இருக்கிறதே என்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். அப்பாவுக்கு இரண்டு பிரதி அனுப்பினேன். அவருக்குப் படிக்க வராது, ஆனாலும் நிலப்பத்திரம் இருக்கும் பெட்டியில் வைத்துக்கொண்டார். அடுத்த ஆட்டத்தில் ஒலிபெருக்கிக்காரர் அணி வரிசையைப் படிக்கும்போது ஸ்டாப்பரின் பெயரைச் சொல்லவில்லை. “நமது சேம்சைடு சிங்கம்!” என்றார். அதுவரை கேலரியில் இருந்த கேலி, என் துண்டறிக்கையால் மைக்கில் ஏறியது. அன்று எனக்கு அது பெருமையாக இருந்தது.

இந்த வருடம் அவருக்கு நாற்பத்தொரு வயது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. சீசனோடு முடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, மறுநாள் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார்.

“டிகிரி தம்பி, ஒரு லெட்டர் எழுதணும்.”

“யாருக்கு அண்ணே?”

“மேனேஜருக்கு. ஜூனியர் டீம் கோச் இடம் காலியா இருக்கு. அத எனக்குக் குடுக்கச் சொல்லி.”

இருபத்திரண்டு வருடத்தில் அவர் டெப்போவிடம் எதையும் கேட்டதில்லை. ஷிப்ட் மாற்றம்கூட. எழுதியபடியே ஏன் இவ்வளவு ஆசை என்று கேட்டேன்.

“ஆசைலாம் இல்ல. ஷிப்ட் முடிஞ்சா நான் கிரவுண்டுக்குத்தான் போவேன். பத்தொம்பது வயசுலேந்து. சாயங்காலம் அஞ்சு மணிக்கு என் வீடு எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. எந்த நாற்காலில உக்காரணும்னு பொண்ணுகிட்டக் கேக்கணும்.” ஜன்னல் கம்பியைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார். “அந்தக் கோடு போட்ட எடத்துக்கு உள்ள எங்கியாவது ஒரு ஓரமா நிக்க விட்டா போதும்.”

மேனேஜர் என்பவர் வேறு யாருமில்லை. அந்த இறுதியாட்டத்தில் கோலை விட்டு ஓடி வந்த அதே கீப்பர்தான். கையில் அடிபட்டு ஆட்டத்தை விட்ட பிறகு டெப்போவில் சூப்பர்வைசர் ஆனார். அணிக்கும் மேனேஜர் ஆனார். என் டூட்டி ஷீட்டில் கையெழுத்துப் போடுபவரும் அவரே. கடிதத்தைப் படித்துவிட்டு, “ரசிகர் மன்றம் என்ன சொல்லுதோ அதுதான். ஜனங்க விருப்பம்,” என்றார்.

மன்றம் பிரிவுபசாரப் பேனர் அடிக்க முடிவு செய்தது. படம் வாங்கி வர என்னை அவர் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு அறை, ஒரு சமையலறை. அண்ணன் வேலையில் இருந்தார். அண்ணி படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, “பேனர்ல என்ன பேரு போடப் போறீங்க?” என்றார்.

நான் இழுத்தேன். “மன்றத்துல எல்லாரும்... செல்லமா...”

“இங்க வாங்க.”

சமையலறைக்குக் கூட்டிப்போனார். அலமாரியில் பாத்திரங்கள் அடுக்கியிருந்த தட்டிலிருந்து கரி பிடித்த வாணலியைத் தூக்கினார். அடியில் விரித்திருந்த காகிதத்தில் எண்ணெய்க் கறைக்கு நடுவே என் எழுத்து. சேம்சைடு சிங்கம்.

“நீங்க எழுதுனதுதான?”

“ஆமா அண்ணி.”

“அஞ்சரை வருஷமா இது மேலதான் வாணலி வெக்கிறேன். தெனமும் வெக்கும்போது கொஞ்சம் அழுத்தி வெப்பேன்.” வாணலியை மறுபடி வைத்தார். அழுத்தித்தான் வைத்தார். “என் பொண்ணுக்கு ஸ்கூல்ல என்ன பேரு தெரியுமா? சேம்சைடு பொண்ணு. கணக்குல தப்பு விட்டா டீச்சரே சொல்லிச் சிரிக்குது. கேட்டா செல்லமாம். உங்க செல்லத்தைக் கொண்டுபோய் உங்க வீட்டுல வெச்சுக்கங்க!”

வாங்கிய படத்தைச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

“அன்னிக்கு அவரா போய் அடிச்சாரு? பின்னாலேந்து கத்துனத நம்பி அடிச்சாரு. கத்துனவரு இன்னிக்கு மேனேஜரு. போய் அவர்கிட்டக் கேளுங்க, என்ன கத்துனீங்கன்னு. இவரு வாயத் தொறக்க மாட்டாரு. கோட்டுக்கு உள்ள கத்துனத வெளிய சொல்லக் கூடாதாம். பெரிய கோடு!”

யார் என்ன கத்தினார் என்ற பேச்சை நான் அதுவரை கேட்டதே இல்லை. சலூன் கதையில் அந்தக் காட்சிக்குச் சத்தமே கிடையாது. ‘நான் குரலே குடுக்கல, அவன் பாட்டுக்குத் திரும்பி ஹெட் பண்ணிட்டான்’ என்று அந்தக் காலத்தில் கீப்பர் சொன்னதை எல்லோரும் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து டூட்டி ஷீட்டில் கையெழுத்து வாங்க மைதானத்துக்குப் போனேன். மேனேஜர் புதுக் கீப்பருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

“மூணே வார்த்தை. ‘என்னுது’ன்னு நீ கத்துனா, முன்னாடி நிக்கிற பேக் பந்தைத் தொடவே கூடாது, நீ வந்து புடிச்சுக்குவ. ‘விடு’ன்னு கத்துனா, நீ கோலுலயே நிக்கிற, அவன் உன்கிட்டத் திருப்பி விடணும். ‘அடி’ன்னா, கண்ண மூடிட்டு வெளிய அடிக்கணும். வார்த்த மாறுனா கோலு போயிடும். புரியுதா?”

“இந்த மூணையும் யாரு சார் கண்டுபுடிச்சது?” என்றேன் நான்.

“நானும் ஸ்டாப்பரும். இருபது வருஷம் ஆச்சு.” பெருமையாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, டிரைவர் கண்டக்டர் ஓய்வறையில் மன்றக் கூட்டம். மர பெஞ்சுகள், சுவரோரம் வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள், மூலையில் யாரோ கழற்றிப்போட்ட காக்கிச் சட்டை. நான் கூட்டக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன்.

முதல் அரை மணி நேரம் அவரை எல்லோரும் புகழ்ந்தார்கள். பொய்யில்லை, மனதிலிருந்து வந்தது.

“அவரு நெத்தில பதினேழு தையல்,” என்றார் தலைவர். “முடி வெட்டறப்ப எண்ணியிருக்கேன். ஒவ்வொண்ணும் ஒரு கோலு. போகாத கோலு.”

குரலால் ‘ஹாரன்’ என்று பேர் வாங்கிய டிரைவர் எழுந்தார். “இருபத்திரண்டு வருஷம். ஒரு செவப்பு அட்டை உண்டா? நான் இந்த மாசத்துலயே மூணு சிக்னல் தாண்டியிருக்கேன்!”

“அத ஏன்யா மேனேஜர் முன்னாடி சொல்ற?”

சிரிப்பு. கண்டக்டர் அக்கா ஒருவர் உண்டு. விசில் இல்லாமல் கேலரிக்கு வரவே மாட்டார். ஆட்டத்துக்கு நடுவே ஊதி, ரெஃபரிகளைக் குழப்பி இரண்டு முறை வெளியேற்றப்பட்டவர். “மழைல நம்ம ஆளுங்க மூணு பேர் அடிபட்டு வெளிய போன மேட்ச் ஞாபகம் இருக்கா? தனியாளா நின்னாரு. அப்ப அழுதேன் நான்,” என்றார்.

பிறகு தலைவர் கோச் விஷயத்தை எடுத்தார். மேனேஜர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகியபடி சொன்னார்:

“எல்லாம் சரிங்க. ஆனா பசங்களுக்கு என்ன சொல்லித் தருவாரு? எந்தப் பக்கம் அடிக்கணும்னா?”

அறை வெடித்தது. ஹாரன் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார். தலைவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாரோ “அந்தப் பக்கம்!” என்று கத்த, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஓட்டெடுப்பு எதுவும் நடக்கவில்லை. அந்தச் சிரிப்பிலேயே முடிந்துபோனது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “ஒரு நிமிஷம். நான் அன்னிக்கு கோலுக்குப் பின்னாடிதான் உக்காந்திருந்தேன். நீங்க ‘விடு’ன்னு கத்துனீங்களே சார். நல்லாக் கேட்டுச்சு.”

“நான் கத்தவே இல்லம்மா.”

“கத்துனீங்க.”

“சரி, கத்துனேன்னே வெச்சுக்கங்க. விடுன்னா, பந்தை விட்டுடுன்னுதான அர்த்தம்? அவன் எதுக்குத் தொட்டான்?”

வாயைத் திறந்தேன். “சார், விடுன்னா திருப்பி விடுறதுன்னு நீங்கதான புதன்கிழமை...”

மேனேஜர் என்னைப் பார்த்தார். “டிகிரி, பதினோரு வருஷத்துக்கு முன்னாடி கத்துன கத்தலுக்கு அகராதி பாக்கப் போறியா? எழுத வந்தா எழுது.”

மறுபடி சிரிப்பு. இந்தச் சிரிப்பு என்னைப் பார்த்து.

எழுதினேன். ‘இளையோர் அணியின் நலன் கருதி, பயிற்சியாளர் பொறுப்புக்கு வேறு தகுதியான நபரைப் பரிசீலிக்குமாறு மன்றம் ஒருமனதாகக் கேட்டுக்கொள்கிறது.’ ஒற்றுப்பிழை கிடையாது. எங்கள் பரம்பரையில் முதன்முதலாகப் படித்தவன் அந்தப் படிப்பை வைத்துச் செய்தது இதுதான். ‘ஒருமனதாக’ என்று எழுதும்போது அக்கா என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த வார்த்தையை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை டயர் செக்‌ஷனுக்குப் போய் நானே சொன்னேன். அவர் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்திருந்தார். கேட்டுக்கொண்டே இருந்தார். குமிழி வந்தது. வட்டம் போட மறந்தார். அதை அன்றுதான் பார்த்தேன்.

“மேனேஜர் சிரிச்சானா?”

“அவர்தான் ஆரம்பிச்சாரு.”

“அவன் கத்துனது ‘விடு’தான். கத்த வேண்டியது ‘என்னுது’. அவசரத்துல வார்த்த மாறிடுச்சு, யாருக்கும் வர்றதுதான். நான் அந்த வார்த்தையக் கேட்டுத் திருப்பி விட்டேன். அது பாஸு, தம்பி. நல்ல பாஸு. கீப்பர் நிக்க வேண்டிய எடத்துக்குச் சரியாப் போச்சு.” டியூபை வெளியே எடுத்து உதறினார். என் சட்டையெல்லாம் தெறித்தது. “உள்ள கத்துனத நான் வெளிய சொல்லக் கூடாது. அதான் மொற. ஆனா அவன் சொல்லியிருக்கலாம்ல? என்னைக்காவது, ஒரு நாள்? பதினோரு வருஷம் காத்திருந்தேன்டா!”

அவர் என்னை ‘டா’ போட்டது அதுதான் முதல் தடவை. கையிலிருந்த இரும்பு நெம்புகோலைத் தரையில் எறிந்தார். பணிமனை முழுதும் திரும்பிப் பார்த்தது. அவர் குனிந்து அதை எடுத்து, துடைத்து, மாட்ட வேண்டிய ஆணியில் மாட்டினார்.

அடுத்த சனிக்கிழமை மாலை கடைசி ஆட்டம். எதிரணி தண்ணீர் வாரியம். இரண்டு அணிக்கும் பட்டியலில் இடம் முடிவாகிவிட்டது. ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றும் மாறாது. கேலரி நிரம்பி வழிந்தது. பேனரில் அவர் படம், அடியில் என் தலைப்பு. வேண்டாம் என்று தலைவரிடம் சொல்லிப் பார்த்தேன், “அச்சாயிடுச்சு தம்பி, அதுவும் நீ வெச்ச பேருதான?” என்றார். பதினோரு வருடத்துக்குப் பிறகு அண்ணியும் மகளும் வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கேப்டன் பட்டையை அவர் கையில் கட்டினார்கள். ஒலிபெருக்கி, “நமது சேம்சைடு சிங்கம், இறுதி முறையாக!” என்றது. அந்தப் பெண் காதைப் பொத்திக்கொண்டாள்.

அவர் நன்றாக ஆடினார். முழங்கால் கட்டோடு, அதே பின்வாங்கல், அதே அரை அடி. எண்பத்தெட்டாவது நிமிடத்தில் நாங்கள் மூன்றுக்குப் பூஜ்யம் முன்னால் இருந்தோம். அப்போது பந்து அவர் காலுக்கு வந்தது. பெட்டிக்கு வெளியே, முப்பது அடி தள்ளி. பக்கத்தில் எதிரி யாரும் இல்லை. அவர் பந்தை நிறுத்தி, மேலே காலை வைத்து, தன் கோல் பக்கம் திரும்பினார்.

கேலரி எழுந்தது. “அந்தப் பக்கம்! அந்தப் பக்கம்!”

அவர் கையை அசைக்கவில்லை. எங்களை ஒரு தடவை முழுதாகப் பார்த்தார். புதுக் கீப்பர் பாவம், பாடத்தை ஒழுங்காகப் படித்தவர். கோலிலேயே நின்று கத்தினார்:

“விடு!”

விட்டார். என் வாழ்க்கையில் நான் பார்த்த மிக அழகான அடி அது. பந்து தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில், சுழலாமல், கீப்பரின் வலது கைக்கு ஒரு முழம் தள்ளிப் போய் வலையின் மூலையை இழுத்தது. இருபத்திரண்டு வருடம் கோல் போகாமல் பார்த்துக்கொண்ட காலில் அப்படி ஓர் அடி இருப்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

ஆயிரம் கைகள் எதிர்க் கோலைக் காட்டியபடியே அந்தரத்தில் நின்றன.

அவர் நேராக எல்லைக்கோட்டுக்கு நடந்தார். மேனேஜர், “மூளை கெட்டுப்போச்சாடா உனக்கு?” என்று பாய்ந்தார். அவர் கோட்டைத் தாண்டி வெளியே வந்து நின்று, கேலரிக்கும் கேட்கும்படி சொன்னார்:

“இப்ப வெளிய வந்துட்டேன். இனிமே சொல்லலாம். அன்னிக்கு நீ ‘விடு’ன்னு கத்துன, நான் விட்டேன். அது பாஸு. இதுதான்டா சேம்சைடு! எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க, வித்தியாசம் தெரியட்டும்!”

பட்டையைக் கழற்றிப் பெஞ்சில் வைத்துவிட்டு நடந்தார். அப்போது கேலரியில் இரண்டு விசில் கேட்டது. பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தால் ‘போலாம்’ என்று அர்த்தம். அக்கா ஊதிவிட்டு எழுந்தார். அண்ணியும் மகளும் எழுந்து அவர் போன வாசலை நோக்கிப் போனார்கள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றுக்கு ஒன்று. நாங்கள்தான் ஜெயித்தோம். ஆனால் சலூனில் அன்று ஆடிய ஆட்டம் வேறு. “கடைசில புத்தியக் காட்டிட்டான்,” என்றார் ஹாரன். “எவ்வளவு செல்லம் குடுத்தோம்!” தலைவர் சுவரிலிருந்த அவர் படத்தைத் திருப்பி மாட்டினார், இப்போது ஆணியும் அட்டையும்தான் தெரிகிறது. கோபித்துக்கொள்ளாதவரை செல்லம். ஒரே ஒரு நாள் கோபித்தார், அன்றே துரோகி. நான் அதைச் சொன்னேன். “நீயும் படிச்ச திமிர்ல பேசாத,” என்றார் தலைவர். மன்றப் பேனாவை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். படித்த திமிர்தான். அந்தக் கூட்டத்தில் அது வந்திருக்க வேண்டும். ஒரு வாரம் தாமதமாக வந்தது.

நான்கு நாள் கழித்து மேனேஜர் டூட்டி ஷீட்டில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடவில்லை.

“டிகிரி, அன்னிக்கு வாயில ‘விடு’தான் வந்துச்சு. ‘என்னுது’ன்னுதான் நெனச்சேன். வந்தது அது. அப்புறம் சொல்றதுக்கு நேரமே அமையல.”

“பதினோரு வருஷத்துல அமையலையா சார்?”

அவர் பேனாவை மூடினார். “இத எங்கயும் எழுதிடாத.”

எழுதிவிட்டேன். மன்றம் இதை அச்சிடாது என்று தெரியும். அதனால்தான் வேறு இடத்துக்கு அனுப்புகிறேன்.

அவர் இப்போதும் டயர் செக்‌ஷனில் காலை ஷிப்ட்டில் இருக்கிறார். மூன்று மணிக்குக் கை கழுவிவிட்டு, இரண்டு பஸ் மாறி, தண்ணீர் வாரிய மைதானத்துக்குப் போகிறார். அவர்களுடைய இளையோர் அணிக்கு அவர்தான் கோச். அங்கே அவரை ஸ்டாப்பர் என்று கூப்பிடுகிறார்கள்.